ஒரு துளி இரத்தமும் ஓர் அமானிதமே!



அஸர் தொழுது எழுந்த பெரியவர், சற்று நேரத்தில், "நான் அஸர் தொழுதுவிட்டேனா?" என்று கேட்கிறார். முதல் நாள் வீட்டார் சிரிக்கின்றனர். பெற்ற மகளின் பெயரையே அவர் மறக்கும் நாளில் அந்தச் சிரிப்பு அழுகையாகிறது. "வயதானால் அப்படித்தான்" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். வெளியே தெரிந்தால் பேத்திக்குச் சம்பந்தம் கூடி வராதே என்ற அச்சத்தில் மறைத்தும் விடுகிறோம்.

இது முதுமையின் இயல்பன்று, நோய். 1906இல் இதனை முதன்முதலாக விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் அல்ஸைமரின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு மறதி நோய்கள் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்ஸைமரே.

1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அறிஞர்கள், 'ஏபிஓஈ 4' என்னும் மரபணு வகை உடையவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று கண்டனர். ஆனால் அது எல்லா மக்களிடமும் ஒரே அளவில் இல்லை. ஜப்பானியரிடம் அதன் தாக்கம் ஐரோப்பியரைவிட மிகுதி. நைஜீரியாவின் இபாடான் நகர யொருபா மக்களிடமோ மிகக் குறைவு. இஸ்ரேலின் வாதி ஆரா பகுதி அரபு மக்களிடம் அந்த மரபணு வகை அரிதாக இருந்தும், நோய் மிகுதியாகக் காணப்பட்டது. உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் அச்சமூகத்தில் வேறு மரபணுக்களுக்கும் பங்கிருக்கலாம் என்று 2003இல் வெளியான ஆய்வு சுட்டியது. மாமன் மகள், அத்தை மகன் என்று மணம் முடிக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டல்லவா? நம்மை ஆராயாமல் நம் நிலையை எவரால் கூற முடியும்?

மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களுள் நூற்றுக்கு 78 பேர் ஐரோப்பிய வழியினர் என்கிறது 2019ஆம் ஆண்டின் கணக்கு. பிறர் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்துமா?

கொலம்பியாவின் ஆன்டியோக்கியா மலைநாட்டில் ஒரு பெருங்குடும்பத்தார் 45 வயதையொட்டியே நினைவிழந்து வந்தனர். சாபம் என்றே ஊரார் பலர் நம்பினர். மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெராவுக்கு அக்குடும்பத்தார் பல்லாண்டுகள் ஒத்துழைத்தனர். நோய் தரும் மரபணு இருந்தும் எழுபது வயது வரை நினைவோடு வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி 2019இல் உலகம் அறிந்தது. அவரைக் காத்தது மற்றோர் அரிய மரபணு மாற்றமாக இருக்கலாம் என்றனர் அறிஞர்கள். அதனைப் போலச் செயற்படும் மருந்தை இன்று தேடுகின்றனர்.

"இரத்தத்தை வாங்கிச் சென்று என்ன செய்வார்களோ?" என்ற ஐயம் நியாயமானதே. அமெரிக்காவின் ஹவாசுப்பாய்ப் பழங்குடியினர் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென இரத்தம் கொடுத்தனர். அவர்கள் அறியாமலே அது மனநோய் ஆய்வுக்கும் பயன்பட்டது. வழக்காடி, 2010இல் 7 இலட்சம் டாலர் இழப்பீட்டையும் மீதமிருந்த இரத்தத்தையும் பெற்றனர். கொடுத்த இரத்தம் அமானிதம். அதற்குத் துரோகம் செய்யலாகாது என்பதற்கு இது சான்று.

ஆகவே, கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிடுங்கள். படிவம் தமிழில் உள்ளதா? இரத்தம் எந்த ஆய்வுக்கு? எங்கே, எத்தனைக் காலம் வைக்கப்படும்? பெயர் மறைக்கப்படுமா? வேறு ஆய்வுக்கு மீண்டும் அனுமதி கேட்பார்களா? விரும்பியபோது விலகலாமா? இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் தெளிவான சம்மதத்தை வலியுறுத்துகின்றன. நோயாளி மட்டுமன்றி, நினைவு தெளிந்த முதியவரும் ஒப்பீட்டிற்குத் தேவை.

பெண் கொடுப்போரும் எடுப்போரும் ஒன்றை அறியட்டும்: ஏபிஓஈ 4 உள்ளவர் எல்லார்க்கும் நோய் வருவதில்லை, இல்லாதவர் எல்லாரும் தப்புவதுமில்லை.

இன்று படுக்கையிலிருக்கும் வாப்பாவுக்கு இதனால் குணம் கிடைக்கும் என்று நான் கூறவில்லை. பலன் பேரப்பிள்ளைகளுக்கே வரக்கூடும். விசாரியுங்கள், மனம் ஒப்பினால் கொடுங்கள், ஒப்பாவிட்டால் மறுத்துவிடுங்கள். விசாரிக்காமலே கதவை அடைத்துவிட வேண்டாம்.