முதலில் துடைத்துப் பாருங்கள்

உங்கள் ஆட்டோமேடிக் கார் நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு சொட்டு. பதறிப்போய் வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகிறீர்கள். அங்கே இருப்பவர் குனியவில்லை. டார்ச் அடிக்கவில்லை. சொட்டை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நின்றவாக்கில் தீர்ப்பு சொல்கிறார்: "கியர்பாக்ஸை இறக்கணும் சார்."

வயிற்று வலி என்று போனவனிடம் நாக்கை நீட்டச் சொல்லாமலே ஒரு டாக்டர் "குடலை எடுத்துடலாம்" என்றால் எழுந்து ஓடிவந்துவிட மாட்டோமா? கார் விஷயத்தில் மட்டும் தலையை ஆட்டி, சாவியைக் கொடுத்து, ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்கிறோம். இந்த மடத்தனத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

என் நண்பர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். அப்பா விட்டுப்போன சொத்தில் அவர் பங்குக்கு வந்தது 1960களின் செவர்லே இம்பாலா. அந்தக் காலத்தில் 'படகுக் கார்' என்று ஊரே வேடிக்கை பார்த்த ரகம். உள்ளே இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேடிக். தினமும் எடுத்தால் ஒரு சொட்டும் விழாது. இரண்டு வாரம் ஷெட்டில் நிறுத்தினால் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. சென்னையில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் காட்டினார். மேலே சொன்ன அதே தீர்ப்பு. கூடவே ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எஸ்டிமேட். 'பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்' என்று ஆறுதல் வேறு.

இந்த ஆறுதலைப் போல எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறில்லை. ஓட்டை இல்லாமல் எதுவும் ஒழுகாது. ஓட்டைக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. கழற்றி மாட்டுவது அப்புறம்.

ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்குச் சிவப்புச் சாயம் போடுவதே, எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்துத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றி எடுத்தால் பாதி வைத்தியம் முடிந்தது. பழுப்போ கறுப்போ வந்தால் அது எஞ்சின் சமாசாரம். எஞ்சினின் பின்பக்க சீலில் கசியும் ஆயிலும் கியர்பாக்ஸோடு சேருகிற பெல் ஹவுசிங் வழியாகத்தான் சொட்டும். இதைப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸை இறக்கிய புண்ணியவான்கள் உண்டு. சிவப்பாகவே இருந்தாலும் அவசரப்படக் கூடாது. பல பழைய கார்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே ஆயில்தான் ஊற்றுவார்கள். சொட்டு முன் சக்கரங்களுக்கு நடுவே விழுந்தால் முதலில் ஸ்டியரிங் குழாயைப் பாருங்கள். ஆயில் ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் மாதிரி இருக்கிறதா? ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது. அப்போது வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

(அமெரிக்காவில் இந்த ஆயிலில் ஒரு காலத்தில் திமிங்கல எண்ணெய் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் திமிங்கலத்தைக் காப்பாற்றச் சட்டம் வந்து அது நின்றது. மாற்றுச் சரக்கு சரியாக அமைவதற்குள் ஏகப்பட்ட கியர்பாக்ஸ்கள் படுத்தன. திமிங்கலம் பிழைத்தது, அதுவரை சந்தோஷம்.)

நண்பர் கடைசியில் வல்லக்கோட்டை பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆயில் எவ்ளோ இருக்கு?"

"ஃபுல்லுக்கு மேலயே இருக்கு, காலைலதான் பார்த்தேன்" என்றார் நண்பர் பெருமையாக.

"எஞ்சின் ஓடும்போது பார்த்தீங்களா, ஆஃப் பண்ணிட்டா?"

"ஆஃப் பண்ணிட்டுதான்."

பெரியவர் சிரித்தார். விஷயம் அந்தச் சிரிப்பில் இருக்கிறது. இந்த மாதிரி கியர்பாக்ஸில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஓர் உருண்டை உண்டு. எஞ்சின் ஓடும்போது அதற்குள் ஆயில் நிரம்பி நிற்கும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்தினால், உள்ளே தேய்மானம் இருந்தால், அந்த ஆயில் மெள்ள இறங்கிக் கீழே சேம்பருக்கு வந்துவிடும். சேம்பரில் மட்டம் ஏறும். கியர் மாற்றும் கம்பி உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு சின்ன சீல் இருக்கிறது. சாதாரணமாக அது ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும். மட்டம் ஏறியதும் அது முங்கிப்போகும். ஐம்பது வருஷத்து ரப்பர், கல்லாகியிருக்கும். ஒழுகாமல் என்ன செய்யும்? அதனால்தான் தினமும் ஓட்டினால் சுத்தம், நிறுத்தினால் குளம்.

எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, கம்பெனி புத்தகம் சொல்கிற நிலையில் (சில வண்டிக்குப் பார்க், சில வண்டிக்கு நியூட்ரல்) கியரை வைத்து, ஓடவிட்டே அளந்தார். ஃபுல் என்று நண்பர் நினைத்த வண்டியில் உண்மையில் ஆயில் குறைவு. நேர்மாறாக, ஆயில் கூடிப்போனாலும் ஆபத்துதான். நுரைத்துப் பொங்கி, மூச்சுவிடும் துளை வழியாக வெளியே வழியும். அதைப் பார்த்துவிட்டு 'லீக்' என்று இன்னும் அரை லிட்டர் ஊற்றுகிற மேதைகள் நம்மில் இருக்கிறார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் நான் சொல்ல வந்தது. கியர்பாக்ஸின் அடிப்பக்கம் முழுவதையும் டீசல் விட்டுக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஈரம் போகத் துடைத்தார். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவந்து ஜாக்கி போட்டு, முட்டுக் கொடுத்துக் கீழே போனார். (வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் போகாதீர்கள்.) சந்தேகப்பட்ட இடங்களில் முகப் பவுடரைத் தூவினார். "ஆயில் சொட்டுற இடம் வேற, கிளம்பற இடம் வேற சார். காத்து பின்னாடி தள்ளும். அதனால மேல, முன்னாடி எது நனைஞ்சிருக்கோ அதைத்தான் நம்பணும்" என்றார். பவுடரில் கோடு விழுந்தது அந்தச் சின்ன சீலுக்குக் கீழே. சேம்பர் கேஸ்கெட் காய்ந்திருந்தது. பின்பக்க சீல் காய்ந்திருந்தது. பெல் ஹவுசிங் அடியிலும் சிவப்பு இல்லை. அங்கே சிவப்பு இருந்தால் மட்டும்தான் முன்பக்கப் பம்ப் சீலைச் சந்தேகப்பட்டு கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். மற்றதெல்லாம் வண்டியிலேயே வைத்துச் செய்கிற வேலை.

கேஸ்கெட்டில் கசிந்தால் போல்ட்டைப் பிடித்து முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறார்கள். சேம்பரின் விளிம்பு வளைந்து இரண்டு மடங்காக ஒழுகும். தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆயில் மட்டும் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை என்றால், வாக்குவம் மாடுலேட்டருக்குள் இருக்கும் ஜவ்வு கிழிந்து எஞ்சின் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கியர்பாக்ஸைத்தான் இறக்குவார்கள், விட்டால்! பவுடர் வேண்டாம் என்றால் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, கடைகளில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கை அடித்தும் கண்டுபிடிக்கலாம். பாட்டிலில் 'லீக் ஸ்டாப்' வாங்கி ஊற்றுவது மட்டும் வேண்டாம். சீலை ஊதவைத்து நாலு மாசம் நடிக்கும், அவ்வளவுதான்.

'பணக்காரன் பொம்மைக்கு ஒரு பக்கமா?' என்று கேட்கிறீர்கள். நியாயம். ஆனால் இதே தீர்ப்பை, கடன் வாங்கி செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேடிக் வாங்கிய ரிட்டயர்டு வாத்தியாருக்கும் சொல்கிறார்கள். அவருக்கு அது மூணு மாசப் பென்ஷன்.

இது நடக்கிற ஊரைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார் வருகிறது. இன்று ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கு மேல் செய்யக்கூடிய தொழிற்சாலை. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான், அப்புறம் டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு. காரைச் சோதிக்க என்றே ஓர் ஆராய்ச்சி மையமும் அங்கே இருக்கிறது. ஆசியாவின் டெட்ராய்ட் என்று மேடைக்கு மேடை பீற்றிக்கொள்கிறோம். இத்தனைக்கும் நடுவில் ஓர் ஒழுகலைக் கண்டுபிடிக்க நண்பருக்குக் கிடைத்தது, தகரக் கொட்டகையில் ஒரே ஒரு பெரியவர்.

கொட்டகைக்கு எதிரே டீக்கடையில் யூனிஃபார்மோடு நின்ற பையனிடம் பேசினேன். ஐடிஐ-யில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்தவன். கம்பெனியில் என்ன வேலை என்றேன். "நாலு போல்ட் சார். வண்டி வரும், நாலு போல்ட் டைட் பண்ணுவேன், போயிடும்." காண்டிராக்ட். முடிந்ததும் வேறு பையன், அதே நாலு போல்ட். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோய் கண்டுபிடிக்கிற மூளையை ஐடிஐ வளர்க்க ஆரம்பித்தது, லைன் அதை மழுங்கடித்துவிட்டது. பெரியவரிடம் கற்றுக்கொள்ள ஒரு பையனும் வருவதில்லையாம். கொட்டகையில் பி.எஃப். கிடையாதே!

கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? டூலையும் ஸ்பேர் பார்ட்ஸையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் பூட்டி வைத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதில் ஃபோர்டும் நிஸானும் உண்டு. மறு வருஷம் ஹூண்டாய்க்குத் தனியாக 420 கோடி. மேல்முறையீடு, கோர்ட் என்று இழுத்தார்கள். 2022-ல் மத்திய அரசு 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது. சட்டம்தான் வரவில்லை. இப்போது வருகிற பல ஆட்டோமேடிக் கார்களில் நீங்கள் ஆயில் பார்க்க டிப்ஸ்டிக்கே கிடையாது. 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்கிறார்கள். யாருடைய ஆயுளுக்கு?

ஆகவே அடுத்த தடவை யாராவது நின்றவாக்கில் 'இறக்கணும்' என்றால், சாவியைக் கொடுக்காதீர்கள். 'எங்கேர்ந்து ஒழுகுது, கழுவித் துடைச்சு எனக்குக் காட்டுங்க' என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் வண்டி வேண்டாம். காட்டியவருக்கு, ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாவிட்டாலும், கண்டுபிடித்ததற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள். டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்துவிட்டு மருந்துக்குத் தனியாகக் கொடுக்கவில்லையா? கண்டுபிடிக்கக் காசு இல்லை, கழற்றினால்தான் காசு என்றால், அவர் ஏன் கழற்ற மாட்டார்?

பெரியவர் லீவரைக் கழற்றி, பழைய சீலை நோண்டி எடுத்து, அளவு பார்த்துப் புதுசு போட்டார். கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இறங்குவது இனியும் இறங்கும், ஆனால் வெளியே வராது என்று மறைக்காமல் சொன்னார். மூவாயிரம் கேட்டார், நண்பர் ஐயாயிரம் கொடுத்தார். மூன்று வாரம் வண்டியை எடுக்காமல், அடியில் அட்டை போட்டு வைத்திருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தால் அட்டையில் ஒரே ஒரு சொட்டு. நண்பருக்கு முகம் வெளுத்துவிட்டது.

வெள்ளைத் துணியில் ஒற்றினேன். பழுப்பு. எஞ்சின் ஆயில்.