டீசலில் கூட்டுத் திரவம்: சிறு டிராக்டருக்குத் தேவையா?

மறையூரின் கரும்புத் தோட்டங்களிலும் காந்தளூரின் படிக்கட்டு வயல்களிலும் இன்று சிறு டிராக்டர்களைக் காண்பது அரிதன்று. பதினைந்து முதல் முப்பது குதிரைத்திறன் கொண்ட இவ்வண்டிகள் அகலம் குறைந்தவை. பெரிய டிராக்டர் திரும்ப முடியாத மேட்டு நிலத்திலும் உழவு, பார் அணைத்தல், சுமை இழுத்தல் ஆகிய பணிகளைச் செய்கின்றன. அஞ்சுநாட்டு உழவர் பலர் வங்கிக் கடன் பெற்றே இவற்றை வாங்கியிருக்கின்றனர். வண்டி வந்த சில மாதங்களிலேயே அவர்கள் முன் ஒரு கேள்வி எழுகிறது. உதிரிபாகக் கடைகளில் 'அடிட்டிவ்' என்னும் பெயரில் விற்கப்படும் கூட்டுத் திரவத்தை ஒவ்வொரு முறையும் டீசலுடன் கலக்க வேண்டுமா? கலந்தால் எரிபொருள் மிச்சமாகும், புகை குறையும், பம்பு நீண்ட நாள் உழைக்கும் என்று புட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறது.

நல்ல டீசலை நம்பகமான நிலையத்தில் வாங்கி, முறையாகப் பராமரிக்கும் சிறு டிராக்டருக்கு இத்திரவம் தேவையில்லை என்பதே என் கருத்து. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றையும் சேர்த்தே இங்கு ஆராய்வோம்.

டீசலில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

இந்தியா முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 தர டீசலே விற்கப்படுகிறது. இதில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது. அதற்கு முந்தைய பாரத் ஸ்டேஜ் 4 தரத்தில் இந்த வரம்பு 50 பங்காக இருந்தது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு முறை, டீசலுக்கு இயல்பாக உள்ள வழவழப்பையும் ஓரளவு எடுத்துவிடுகிறது. "கந்தகம் குறைந்த டீசல் பம்பை அரித்துவிடும், ஆகவே திரவம் ஊற்றுங்கள்" என்னும் அறிவுரை இங்கிருந்துதான் பிறக்கிறது.

அதன் முற்பகுதி உண்மை, பிற்பகுதி பொருந்தாது. போன வழவழப்பை ஈடுசெய்யும் பொருளை எண்ணெய் நிறுவனங்களே டீசல் நிலையத்துக்கு வரும் முன்னர்ச் சேர்த்துவிடுகின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1460 என்னும் தரக்குறிப்பு இதற்கு வரம்பு வகுத்துள்ளது. டீசலில் நனைந்த உலோகத்தை உராயவிடும் சோதனையில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. டீசல் எவ்வளவு விரைவில் தீப்பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் 51-க்குக் குறையக் கூடாது.

அமெரிக்காவின் டீசல் தரக்குறிப்பில் சீட்டேன் எண்ணின் கீழ்வரம்பு 40. தேய்மானத் தழும்பின் மேல்வரம்பு 520 மைக்ரோமீட்டர். அதாவது, அங்கு விற்கும் டீசல் இந்த இரண்டு வகையிலும் நம் டீசலைவிடத் தளர்ந்த வரம்புக்குள் இருக்கலாம். அங்குள்ள சிறு டிராக்டர் உரிமையாளர் தாமே ஒரு கூட்டுத் திரவத்தை ஊற்றுவதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கக்கூடும். அந்நாட்டுக் காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அதே அறிவுரையை மறையூரில் பின்பற்றுவது, ஊட்டிக் குளிருக்கான கம்பளியை உடுமலை வெயிலில் போர்த்திக்கொள்வது போன்றதாகும்.

குளிருக்கு வேண்டாமா?

மலைப்பகுதி என்பதால் டீசல் உறைந்துவிடுமோ என்னும் ஐயம் சிலருக்கு உண்டு. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும் என்பது உண்மை. இந்தியத் தரக்குறிப்பின்படி, குளிர்காலத்துக்கான டீசல் 6 பாகை செல்சியஸ் வரையிலேனும் வடிகட்டியை அடைக்காமல் செல்ல வேண்டும். மழை மறைவுப் பகுதியான மறையூர், மூணாற்றைப் போல உறைபனி காணும் ஊரன்று. மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் இயந்திரம் கிளம்பத் தயங்கினால் முதலில் பார்க்க வேண்டியவை பேட்டரியும் அதன் இணைப்புகளுமே.

உண்மையான கடுங்குளிர் எங்குள்ளதோ அங்கு என்ன செய்தார்கள் என்பதையும் காண்போம். லடாக்கில் டீசல் உறையும் சிக்கலுக்காக, இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் மைனஸ் 33 பாகையிலும் ஓடும் தன்மையை இழக்காத தனி டீசலை அறிமுகப்படுத்தியது. பானிபட் சுத்திகரிப்பு நிலையம் அதைத் தயாரித்து அனுப்பியது. தேவை மெய்யாக இருந்த இடத்தில், தீர்வு ஆலையிலேயே அளந்து சேர்க்கப்பட்டது.

மைலேஜ் கூடுமா?

விற்பனையில் முதலிடம் பெறும் வாக்குறுதி எரிபொருள் மிச்சமே. பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்றெல்லாம் சொல்லப்படுகிறது. "டீசல் முழுமையாக எரியும், அதனால் மிச்சமாகும்" என்பது அதற்குக் கூறப்படும் காரணம். நல்ல நிலையில் உள்ள டீசல் இயந்திரத்தில் உட்செல்லும் எரிபொருளில் ஏறத்தாழ 98 விழுக்காடோ அதற்கு மேலோ ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. வெளிப்படும் ஆற்றலின் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. எரியாமல் எஞ்சியதே இரண்டு விழுக்காடு என்னும்போது, முழுமையாக எரியச் செய்து இருபது விழுக்காட்டை மிச்சம் பிடிப்பது எவ்வாறு? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளைச் சேமிப்பதாக விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்தது. அவற்றுள் மிகச் சிலவே ஏதேனும் பயன் தந்தன, அப்பயனும் சிறிதளவே.

அற்புதத் திரவங்களின் மீது நம் மக்களுக்குள்ள ஈர்ப்பைத் தமிழ்நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. இராஜபாளையம் அருகே இடையன்குளத்தைச் சேர்ந்த இராமர் பிள்ளை, மூலிகையைக் கொண்டு பெட்ரோல் செய்வதாக 1996-இல் கூறியபோது நாடே வியந்தது. அது பெட்ரோலிய வேதிப்பொருள்களின் கலவை என்பது மத்தியப் புலனாய்வுத் துறையின் வழக்கு. 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கடையில் விற்கும் கூட்டுத் திரவங்களை அந்த வரிசையில் வைக்க நான் முற்படவில்லை. அவற்றுள் பல முறையான நிறுவனங்களின் தயாரிப்புகள். ஆயினும், எரிபொருளைப் பற்றிய வாக்குறுதி எதுவாயினும் அதை அளந்து பார்த்தே ஏற்க வேண்டும் என்னும் பாடம் எல்லோருக்கும் பொது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சிறு டிராக்டர் ஆண்டுக்கு 400 மணி நேரம் ஓடுகிறது, மணிக்கு 3 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று கொள்வோம். ஆண்டுத் தேவை 1,200 லிட்டர். லிட்டர் விலை 95 ரூபாய் எனில் செலவு 1,14,000 ரூபாய். ஒரு லிட்டர் டீசலுக்கான கூட்டுத் திரவத்துக்கு 2 ரூபாய் ஆகுமெனில், ஆண்டுக்கு 2,400 ரூபாய். போட்ட பணம் திரும்பவே டீசல் செலவு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் குறைய வேண்டும். ஐந்தாண்டில் இத்தொகை 12,000 ரூபாய் ஆகிறது.

இதே பணத்தை வேறிடத்தில் வைத்துப் பார்ப்போம். டீசல் குழாய் இணைப்பில் பத்து நொடிக்கு ஒரு சொட்டு கசிகிறது என்றால், இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்னும் கணக்கில், நாளொன்றுக்கு 432 மில்லி லிட்டர் மண்ணில் போகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 13 லிட்டர், 1,200 ரூபாய்க்கு மேல். சில ரூபாய் மதிப்புள்ள ஒரு வாஷர் இதை நிறுத்திவிடும். புழுதி அடைத்த காற்று வடிகட்டி, காற்றுக் குறைந்த டயர், பொருந்தாத கியர், நிழலில் நின்று பேசும்போதும் அணைக்கப்படாத இயந்திரம் ஆகிய ஒவ்வொன்றும் டீசலைத் தின்கிறது. இவற்றைச் சரிசெய்யப் புட்டி எதுவும் வேண்டியதில்லை.

"ஊற்றினேன், புகை குறைந்தது"

இவ்வாறு சொல்லும் உழவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. நாசிலில் கரி படிந்து தெளிப்புச் சீர்கெட்ட இயந்திரத்தில், கழுவும் தன்மையுள்ள திரவம் அக்கரியை ஓரளவு கரைக்கக்கூடும். அப்போது புகை குறைவதும் ஓசை தணிவதும் இயல்பே. ஆனால் நாசிலில் கரி ஏன் படிந்தது, தெளிப்பு ஏன் கெட்டது என்னும் கேள்வி அப்படியே நிற்கிறது. நாசிலைக் கழற்றி டீசல் பம்பு பணிமனையில் அழுத்தம் பார்த்துச் சரிசெய்தால் காரணமும் தெரியும், பயனும் நிலைக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நோயைத் தேடாமல் விடுவது மனிதருக்கும் நன்றன்று, இயந்திரத்துக்கும் நன்றன்று.

மேலும், மழைக்குப் பின் ஈர மண்ணில் உழுததையும் கோடையில் இறுகிய மண்ணில் உழுததையும் ஒப்பிட்டு மைலேஜைக் கணக்கிட முடியாது. உண்மையிலேயே சோதிக்க விரும்புவோர் ஒரே வயலில், ஒரே கருவியுடன், ஒரே கியரில், ஒரே ஓட்டுநரைக் கொண்டு உழ வேண்டும். தொட்டியின் கழுத்துவரை நிரப்பித் தொடங்கி, முடிந்ததும் மீண்டும் கழுத்துவரை நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று எழுத வேண்டும். திரவம் கலந்து மூன்று முறை, கலக்காமல் மூன்று முறை செய்தால், புட்டியின் மேல் எழுதியிருப்பதைவிட நம்பத்தக்க விடை கிடைக்கும்.

உண்மையான பகை தண்ணீர்

மறையூர் போன்ற ஊர்களில் சிறு டிராக்டரின் பம்புக்குப் பெரும் கேடு செய்வது தண்ணீரும் தூசியுமே. பகலில் வெயில், இரவில் குளிர் என்று வெப்பநிலை மாறும் இடத்தில், பாதி காலியான தொட்டியின் உள்ளே ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாகிறது. அத்துளி டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். பம்பின் உலக்கைக்கும் உருளைக்கும் இடையிலுள்ள இடைவெளி ஓரிரு மைக்ரான்களே. தண்ணீர் அங்கே நுழைந்தால் துருவும் தேய்மானமும் தொடங்குகின்றன.

இதைத் தடுக்கும் வழிகள் எளியவை. மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. நீர்பிரிப்பான் கிண்ணத்தைக் குறித்த இடைவெளியில் திறந்து வடித்துவிட வேண்டும். டீசல் வடிகட்டியைக் கையேட்டில் குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்ற வேண்டும். கேனில் டீசல் வாங்கி வைப்போர், அதற்கென்றே ஒதுக்கிய தூய கேனை மூடி, நிழலில் வைத்து, ஊற்றும்போது வடிகட்டிய புனலைப் பயன்படுத்த வேண்டும். அடியில் தேங்கிய கடைசிப் பகுதியைத் தொட்டியில் கவிழ்க்கக் கூடாது.

நிலையத்தில் வாங்கும் டீசலின் மீது ஐயம் எழுந்தால், அடர்த்தியைச் சோதித்துக் காட்டுமாறும், 5 லிட்டர் அளவுக் கலத்தில் அளந்து காட்டுமாறும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் வழவழப்புக் குறையும். அதை எந்தப் புட்டியும் முழுதாக ஈடுசெய்யாது. கலப்படத்தை 2005-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணை குற்றமாக்கியுள்ளது. தாமே மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், பாச்சை உருண்டை ஆகியவற்றைக் கலந்து பார்ப்போருக்கு இயந்திரமும் போகும், உத்தரவாதமும் போகும்.

விதிவிலக்குகள்

மூன்று நிலைகளில் கூட்டுத் திரவத்துக்கு இடம் உண்டு. பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியின் தொட்டியில், நீரும் டீசலும் சேரும் தளத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருஞ்சேறு போன்ற படலம் உண்டாகலாம். அப்போது தொட்டியைக் கழுவி, பணியாளர் அறிவுரையுடன் கிருமிக்கொல்லித் திரவத்தை ஒருமுறை பயன்படுத்துவது முறையே. இரண்டாவதாக, டீசலையே மசகாகக் கொண்டு இயங்கும் சுழல் வகைப் பம்பு உள்ள பழைய வண்டிக்குப் பணிமனை வல்லுநர் பரிந்துரைத்தால் வழவழப்புத் திரவத்தைக் கருதலாம். மூன்றாவதாக, உற்பத்தியாளரின் கையேடே குறிப்பிட்ட திரவத்தைச் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். கையேடு வேண்டாம் என்று சொல்லியிருந்தால், ஊற்றுவது உத்தரவாதத்தைப் பணயம் வைப்பதாகும்.

ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் வந்துள்ளன. அவற்றின் நுண்ணிய மின்னணுத் தெளிப்பு அமைப்புக்கும் புகை வடிகட்டிக்கும் உலோகம் கலந்த திரவங்கள் தீங்கு செய்யும். பெரிய வண்டிக்கு வாடகை ஓட்டும் நண்பர்களும் இதை மனத்திற்கொள்க. உயிரி டீசல் கலப்பை 2030-க்குள் 5 விழுக்காடாக்குவது தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. உயிரி டீசல் ஈரத்தை எளிதில் ஈர்ப்பது. அக்கலப்பு பெருகும்போது, தொட்டியின் தூய்மை இன்னும் இன்றியமையாததாகும்.

கடனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

டிராக்டர்க் கடனின் தவணை, கரும்பு வெட்டி வெல்லம் விற்ற பணத்தில் அரையாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை கட்டப்படுவது. மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றிருப்பினும், உழவரின் கையில் ரொக்கம் புழங்குவது சில மாதங்களில் மட்டுமே. பம்பு பழுதாகி உழவுப் பருவத்தில் வண்டி நின்றால், பழுதுச் செலவோடு வாடகை வருமானமும் போய், தவணையும் பிந்துகிறது. ஆகவே பராமரிப்பைச் செலவாகக் கருதாது, தவணையின் ஒரு பகுதியாகவே கருதிப் பணம் ஒதுக்குவது அறிவுடைமை.

புட்டிக்கென்று ஒதுக்கும் 2,400 ரூபாயை ஆண்டுதோறும் தனியே எடுத்து வையுங்கள். அதில் வடிகட்டிகளை மாற்றுங்கள், கசிவை நிறுத்துங்கள், மீதியைச் சேமிப்புக் கணக்கில் போட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாசிலையும் பம்பையும் சோதிக்கப் பயன்படுத்துங்கள். கடைக்காரர் புட்டியை நீட்டும்போது, "இதில் உள்ள பொருள் என் டீசலில் எது குறைவு என்று சேர்க்கப்படுகிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தெளிவான விடை வந்தால் வாங்குவதைப் பற்றி எண்ணலாம். வராவிட்டால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு டீசல் வடிகட்டி வாங்கி வாருங்கள்.