நீலப் பம்பும் நமது மூடநம்பிக்கையும்

தொய்வு வருத்தக்காரர் உள்ள நமது வீடுகளில் தலையணைக்கடியில் ஒரு நீலப் பம்ப் இருக்கும். நாளாந்தம் பாவிக்கும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்த மண்ணிறப் பம்ப் அலுமாரிக்குள் உறங்கும். கேட்டால், "அது ஸ்டீரொயிட், பழகிவிடும்" என்பார்கள். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள்.

உடனடி ஆறுதலை மட்டும் நம்புவதன் விலையை நியூசிலாந்து அறியும். 1976 இல் பெனோட்டெரோல் என்ற பம்ப் அங்கு அறிமுகமானது. அதனைத் தொடர்ந்து ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. வெலிங்டன் ஆய்வாளர்கள் 1989 இல் 'லான்செட்' சஞ்சிகையில் மருந்துக்கும் மரணங்களுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். உற்பத்தி நிறுவனம் அந்த ஆய்வை முறியடிக்க முயன்ற கதையை, ஆய்வாளர்களில் ஒருவரான நீல் பியர்ஸ் 2007 இல் நூலாகவே எழுதினார். மருந்தின் விநியோகம் கட்டுப்படுத்தப்பட்டது; மரணங்களும் குறைந்தன.

இன்றைய நீலப் பம்பில் உள்ளது சல்பியூட்டமோல், பெனோட்டெரோல் அல்ல என்று சிலர் குறுக்கிடக்கூடும். உண்மைதான். ஆயினும் அதுவும் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறதேயன்றி, குழாயின் உட்சுவரிலுள்ள அழற்சியைத் தொடுவதில்லை. மூச்சு இலகுவாகிறது, நோய் உள்ளே தன்பாட்டில் வளர்கிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் பம்ப் 1972 முதல் பாவனையில் உள்ளது. குறைந்த அளவில் ஒழுங்காகப் பாவித்தாலே மரண ஆபத்து குறைகிறது என்று கனடாவின் தரவுகளைக் கொண்டு 2000 இல் காட்டப்பட்டது. ஆஸ்துமா சிகிச்சைக்கான உலக வழிகாட்டலை வகுக்கும் 'ஜினா' அமைப்பும், வளர்ந்தோருக்கும் பதின்ம வயதினருக்கும் நீலப் பம்பை மட்டும் கொடுக்கக்கூடாது என 2019 இல் அறிவித்தது. அதே ஆண்டில் உலகில் ஆஸ்துமாவால் இறந்தோர் ஏறத்தாழ 455,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

வாங்க வசதியில்லாதவரை நான் குறைகூறவில்லை. அவருக்காக அரசுகளிடம்தான் கேள்வி கேட்க வேண்டும். வசதியிருந்தும் அஞ்சுபவர்களோடுதான் என் வழக்கு. பம்பின் மருந்து மைக்கிரோகிராமில் அளக்கப்படுவது. வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது. அதற்கு அஞ்சியவர் நள்ளிரவில் மூச்சு முட்டி வைத்தியசாலைக்கு ஓடியதும், மில்லிகிராம் கணக்கில் விழுங்கக் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் குளிசை என்னவென்று நினைக்கிறார்? அதுவும் ஸ்டீரொயிட்தான்.