நிறுத்திப் பார்த்தால் கதை தெரியும்

லூக் பெஸ்ஸோன் இயக்கிய ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’ 1997 மே மாதம் கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. ஏறக்குறைய 9 கோடி டாலர் செலவு. அதுவரை ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட படங்களில் அதிகம் செலவு பிடித்தது அதுதான். அந்தப் பணம் எங்கே போனது என்று எவரும் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. திரை முழுக்க இறைந்து கிடந்தது. பறக்கும் கார்கள், நீல நிறப் பாடகி, ழான் பால் கோத்தியே வடிவமைத்த 900க்கும் மேற்பட்ட உடைகள். பிடித்தவர்கள் கண்ணுக்கு விருந்து என்றார்கள். பிடிக்காதவர்களும் அதையேதான் சொன்னார்கள், ‘கண்ணுக்கு மட்டும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, அலங்காரம் ஒரு பக்கம், கதை இன்னொரு பக்கம், இரண்டுக்கும் ஒட்டுறவு இல்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வீட்டில் வட்டைப் போட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு அந்த ஒருமித்த தீர்ப்பு தவறு என்று தெரியும். இந்தப் படத்தின் கதையில் பாதிக்கு மேல் அதன் அலங்காரத்துக்குள்தான் இருக்கிறது.

வெளியே தெரியும் கதை எளிது, கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமானதும்கூட. பெஸ்ஸோன் அதைத் தன் பதின்ம வயதிலேயே எழுதத் தொடங்கியவர்; அந்த வயது படத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 5,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பேரழிவு, அதைத் தடுக்கக்கூடிய நான்கு கற்கள், ஐந்தாவதாக லீலூ என்ற பெண். 2263ஆம் ஆண்டின் நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டும் முன்னாள் ராணுவ வீரர் கோர்பென் டல்லஸின் வண்டிக்குள் அவள் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து விழுகிறாள். எதிர்ப்பக்கம், ஆயுதங்கள் விற்கும் தொழிலதிபர் ஸோர்க். இவ்வளவுதான் என்றால் இத்தனை ஆண்டுகள் கழித்துப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அந்த டாக்ஸி எப்படி வந்தது என்று பாருங்கள். படத்தின் உலகத்தை வரைய பெஸ்ஸோன் அழைத்தது பிரெஞ்சு சித்திரக்கதை உலகின் இரண்டு பெரிய கைகளை: ‘மோபியஸ்’ என்ற பெயரில் வரைந்த ழான் ழிரோ, ‘வலேரியன்’ தொடரின் ஓவியர் ழான்-கிளோத் மெஸியேர். தொடக்க வரைவில் கோர்பென் ஒரு தொழிற்சாலைப் பணியாளர். படவேலை இடையில் நின்றுபோன காலத்தில், மெஸியேர் தான் வரைந்துவைத்திருந்த பறக்கும் டாக்ஸியைத் தன் 1994ஆம் ஆண்டு ‘வலேரியன்’ தொகுதியில் பயன்படுத்திக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு பெஸ்ஸோன் நாயகனின் வேலையையே மாற்றி அவரை டாக்ஸி ஓட்டுநர் ஆக்கினார். கதையை எழுதி முடித்து, பிறகு அதற்குப் படம் பூசிய வேலை இது இல்லை. படம் முதலில் வந்தது, கதை அதன் பின்னால் நடந்தது. இது வெறும் தயாரிப்புத் தகவலாக நின்றுவிடவில்லை, டாக்ஸியிலிருந்துதான் படத்தின் மிகக் கூர்மையான நையாண்டியே பிறக்கிறது.

ஸோர்க்கின் அலுவலகக் காட்சியில் ஒரு சின்னப் பரிமாற்றம் உண்டு. பொருளாதாரத்தைச் சரிக்கட்ட ஐந்து லட்சம் பேரை வேலையிலிருந்து நீக்க முடியுமா, டாக்ஸி நிறுவனம் போன்ற சிறிய ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று உதவியாளர் கேட்கிறார். பத்து லட்சம் பேரை நீக்கு என்கிறார் ஸோர்க், நடையைக்கூட நிறுத்தாமல். திரையரங்கில் இது காதில் விழுந்து கடந்துபோகும். கொஞ்ச நேரம் கழித்து, கோர்பெனின் அறைச் சுவரில் உள்ள குழாய் வழியே ஒரு கடிதம் வந்து விழுகிறது. ஜன்னலுக்கு வெளியே படகில் மிதந்து வந்து சாப்பாடு விற்கும் கிழவர் கிம், நல்ல செய்தியாகத்தான் இருக்கும் என்று மதிய உணவைப் பந்தயம் கட்டுகிறார். பிரித்தால், வேலை போய்விட்டது. நாயகனும் வில்லனும் படம் முழுக்க ஒருமுறைகூட நேருக்கு நேர் சந்திப்பதில்லை; ஒரு லிஃப்ட் வாசலில் நூலிழையில் தவறிப்போகிறார்கள். அவர்களுக்கிடையே உள்ள ஒரே உறவு அந்தக் கடிதம்தான். முதலாளியின் முகத்தைப் பார்க்காமலே வேலையை இழக்கும் ஒருவரின் கதை, கல்லும் தீமையும் மோதும் கதைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தாங்குவதில் வசனத்தின் பங்கு அதிகமில்லை. கடிதம் வரும் குழாய், மிதக்கும் சாப்பாட்டுக் கடை, ஆள் திரும்ப இடமில்லாத அந்த அறை ஆகியவைதான்.

அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியும் குளியலறையும் ஒரே தூணில் மேலும் கீழும் ஏறி இறங்குகின்றன. ஒன்று வந்தால் மற்றது மறையும். படுக்கை சுவருக்குள் தானாகப் போய் மூடிக்கொள்கிறது. புகைக்கும் சிகரெட்டில் முக்கால்வாசி வடிகட்டி, நுனியில் மட்டும் கொஞ்சம் புகையிலை. போலீஸ் வந்தால் கைகளை வைத்து நிற்கச் சுவரிலேயே வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். கொள்ளையடிக்க வந்த ஒருவன் காலியான நடைபாதையின் புகைப்படத்தைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கிறான், உள்ளிருந்து பார்ப்பவர் வெளியே யாரும் இல்லை என்று நம்புவதற்காக. விமான நிலையத்தில் அள்ளப்படாத குப்பை மலையாகக் குவிந்திருக்கிறது. இவற்றில் எதையும் எந்தப் பாத்திரமும் விளக்குவதில்லை. இடமும் காற்றும் பங்கீட்டில் கிடைக்கும், சந்தேகமே இயல்பாகிப்போன ஒரு நகரம் சட்டகத்தின் ஓரங்களில் சொல்லப்படுகிறது. 

இன்னும் நுட்பமானது, ஸோர்க் பாதிரியார் கொர்னீலியஸிடம் அழிவின் பெருமையைப் பேசும் காட்சி. மேசையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையைத் தள்ளி உடைக்கிறார். உடைந்தால்தான் வேலை பிறக்கிறது, அதனால் பலருடைய பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அவர் பேசும்போதே சின்னச் சின்ன இயந்திரங்கள் எங்கிருந்தோ ஓடிவந்து சிதறலைக் கூட்டுகின்றன, துடைக்கின்றன. வேலை கிடைத்தது இயந்திரங்களுக்கு. பிறகு பழம் தொண்டையில் சிக்கி அவர் மூச்சுத் திணறும்போது அந்த இயந்திரங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. பாதிரியார்தான் முதுகில் தட்ட வேண்டியிருக்கிறது. ஸோர்க்கின் வாதத்துக்கு மறுப்பு சொல்வது அவருடைய மேசைதான். ஸோர்க்காக வரும் கேரி ஓல்ட்மனின் நடிப்பில் கண் பதிந்திருக்கும்வரை மேசையை யார் பார்ப்பார்கள்?

அதுதான் சிக்கல் என்று சிலர் சொல்லக்கூடும். நிறுத்திப் பார்த்தால்தான் புரிகிறது என்றால் அது இயக்குநரின் தோல்வி. சினிமா ஓடும்போதே பேச வேண்டும். கனமான ஆட்சேபம்தான். ஆனால் இந்தப் படத்தின் தாய்வீடு சித்திரக்கதை. சித்திரக்கதையில் ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை வாசகர் முடிவுசெய்கிறார். மெஸியேரும் ழிரோவும் அப்படித் தங்கிப் பார்ப்பவருக்காகவே மூலை முடுக்கெல்லாம் வரைந்து பழகியவர்கள். திரையரங்கு அந்த உரிமையைப் பறித்தது. நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வீட்டில் கையில் இருக்கும் ரிமோட் அந்த உரிமையைத் திருப்பித் தருகிறது. முதல்முறை பார்ப்பவருக்குப் படம் ஓட்டமாகவே வேலை செய்கிறது, அதில் குறையில்லை. இரண்டாம் முறை அது வாசிப்பு ஆகிறது.

பெரிய திரைக்காக எடுத்ததைச் சின்னத் திரையில் பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம் என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. லீலூ கட்டட விளிம்பில் நிற்க, மேலும் கீழும் அடுக்கடுக்காக வாகனங்கள் ஓடும் நகரம் விரியும் காட்சி தலைசுற்ற வைப்பதற்காக எடுக்கப்பட்டது. சிறு மாதிரிக் கட்டடங்களையும் கணினி வரைந்த வாகனங்களையும் டிஜிட்டல் டொமைன் நிறுவனம் இணைத்த விதம் இன்றும் பிசிறு தட்டவில்லை. நீலப் பாடகி தோனிஸெத்தியின் ‘லூசியா தி லாமர்மூர்’ ஓபராப் பாடலை இன்வா முலாவின் குரலில் பாடுவதும், அதற்கு ஈடாக லீலூ வேறோர் அறையில் அடியாட்களைப் பந்தாடுவதும், ஆயிரம் பேர் இருட்டில் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. அங்கே வீடு தோற்கிறது. கோர்பெனின் அறையும் ஸோர்க்கின் மேசையும் அப்படிப்பட்டவை இல்லை.

இப்படிப் பார்த்தால், எந்தப் பிரதியில் பார்க்கிறோம் என்பது ஒலி-ஒளிப் பித்தர்களின் கவலையோடு முடிவதில்லை. வரலாற்றின் வேடிக்கை, இந்தப் படத்தை அந்தப் பித்தர்கள்தான் காப்பாற்றிவந்தார்கள். 2001இல் கூடுதல் காணொளிகளையெல்லாம் கழற்றிவிட்டு, மிச்சமான இடத்தைப் படத்துக்கும் ஒலிக்கும் கொடுத்த ‘சூப்பர்பிட்’ டிவிடி வரிசையின் முதல் தலைப்புகளில் இது ஒன்று. புது டிவியையும் ஸ்பீக்கரையும் சோதித்துக் காட்டக் கடைகளில் ஓடும் வட்டாகவும் இது பெயர் வாங்கியது. 2006 ஜூனில் ப்ளூ-ரே அறிமுகமானபோது சோனி வெளியிட்ட முதல் படங்களிலும் இருந்தது. ஆனால் பழைய மூலத்திலிருந்து எடுத்த அந்த வட்டில் தூசியும் கீறலும் தெரிந்தன, விவரங்கள் மங்கியிருந்தன. வாங்கியவர்கள் சத்தம் போட்டதால் 2007இல் புது மூலத்திலிருந்து வேறு வட்டு வந்தது. பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. 2017இல் 4கே வட்டு. வெறும் படத்தரத்துக்காக இவ்வளவு கூச்சலா என்று தோன்றலாம். கதை சட்டகத்தின் ஓரத்தில் இருக்கும்போது ஓரம் மங்கிய பிரதி, எழுத்து அழிந்த பக்கங்களோடு அச்சான நாவலுக்குச் சமம். வட்டுக் கடைகள் ஏறக்குறைய மறைந்துவிட்ட நம் ஊர்களில், இணைய வேகத்துக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கி அனுப்பும் சேவைகளுக்குச் சந்தா கட்டுபவர்கள் இதைக் கேட்கும் உரிமை உள்ளவர்கள். மாதச் சந்தாவில் படம் வருகிறது, விவரம் வருகிறதா?

இனி, தட்டிக்கழிக்க முடியாத குற்றச்சாட்டு. லீலூ உலகத்திலேயே உயர்ந்த உயிர் என்று சொல்லிவிட்டு, படம் அவளைக் குழந்தை போலப் பேச வைக்கிறது, துணிக் கீற்றுகளைச் சுற்றி நிறுத்துகிறது, கடைசியில் ஓர் ஆண் ‘காதலிக்கிறேன்’ என்று சொன்னால்தான் அவளால் உலகைக் காக்க முடியும் என்கிறது. எந்த அலங்காரமும் இதை மூடாது, மூடவும் கூடாது. ஆனால் இது எங்கே நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எகிப்தியக் கோயிலின் வெறுமையான கல் அறைக்குள், நான்கு கற்களைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில். பொருட்களும் உடைகளும் சுவர்களும் பேசி வந்த படம், அவை எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு முதன்முறையாக வசனத்தை நம்பி நிற்கிறது. நின்றதும் தடுமாறுகிறது. அலங்காரம் மிகுந்ததால் கதை கெட்டது என்பவர்கள் இந்தக் காட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும்: அலங்காரம் இல்லாத இடத்தில்தான் கதை மிக மோசமாக இருக்கிறது.

அப்படியென்றால் அலங்காரத்தைக் கூட்டக் கூட்டப் படம் நன்றாக வருமா? வராது என்பதற்கு பெஸ்ஸோனே சாட்சி. 2017இல் மெஸியேரின் தொடரையே நேரடியாகப் படமாக்கி ‘வலேரியன்’ எடுத்தார். ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’ படத்தில் சிறப்புக் காட்சித் துண்டுகள் 200ஐக்கூட எட்டவில்லை. இதில் 2,700ஐத் தாண்டின. ஆயிரம் கோள்களின் உயிரினங்கள் வந்துபோகின்றன, ஒவ்வொன்றும் அழகு. ஆனால் நாயகனும் நாயகியும் அரசின் முகவர்கள். அந்த உலகத்தில் அவர்கள் வாடகை கட்டுவதில்லை, கோர்பெனைப் போல வண்டி உரிமத்தின் புள்ளிகள் குறைகின்றனவே என்று கவலைப்படுவதில்லை, அவர்களை யாரும் கடிதம் அனுப்பி வேலையிலிருந்து தூக்குவதும் இல்லை. அந்தப் படத்தை எந்த இடத்தில் நிறுத்தினாலும் சட்டகம் பிரமாதமாக இருக்கும், அங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்பது மட்டும் தெரியாது.