ஆறு லட்சம் கொடுத்துக் கப்பல் ஏறப் போகும் நண்பர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். முப்பத்தி மூன்று வருடம் வகுப்பில் பேசிய வாய், சீக்கிரம் நிற்காது.

ரேஸ் கோர்ஸில் காலையில் நடக்கும் எங்கள் குழுவில் பத்து நாளாக ஒரே பேச்சு. ஒரு சொகுசுக் கப்பல் பயணத்தின் விளம்பரத் தாள் கைமாறிக்கொண்டிருக்கிறது. இருநூறு பேர் மட்டுமே போகும் சின்னக் கப்பல். கோவையிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர். அங்கே கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட், காலி, கொழும்பு, கடைசியில் கொச்சி. ஒருவருக்கு ஆறு லட்சம். நான்கு தம்பதிகள் முன்பணம் கட்டிவிட்டார்கள். "வாத்தியாரே, நீங்களும் அக்காவும் வந்தே ஆகணும்" என்றார்கள். வரவில்லை என்றேன். "பென்ஷன் வாங்கி என்ன பண்ணப் போறீங்க, போகும்போது கட்டிக்கிட்டா போகப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அங்கே பதில் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உழைத்துச் சம்பாதித்தவர்கள் செலவு செய்வதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. மூட்டுவலிக்காரர்களுக்குக் கப்பல் வசதிதான். பெட்டியைத் தூக்க வேண்டாம், தினம் ஒரு ஓட்டல் மாற வேண்டாம். என் சண்டை வேறு இடத்தில்.

அந்தத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: "யாரும் அறியாத ஆசியத் துறைமுகங்களைக் கண்டறியுங்கள்." யாரும் அறியாத என்றால் யாருக்கு? வெள்ளைக்காரனுக்காக எழுதியதை அப்படியே நமக்கும் விற்கிறார்கள். நாமும் வாங்கிக்கொள்கிறோம்.

புக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பக்கத்தில் கிராபி மாகாணம். அங்கே குவான் லுக் பாட் என்ற இடத்தில் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. உள்ளங்கையில் அடங்கும் கல். பெரிய கடை வீதியில் இன்றும் நம் ஆட்கள் தங்கத்தை உரசிப் பார்க்கும் அதே வேலைக்கான கல். புக்கெட்டுக்கு வடக்கே தக்குவா பா. அங்கே கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் பேசுகிறது. சுமத்ராவின் பாருஸில் 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் வைத்த தமிழ்க் கல்வெட்டு. காலியில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழி. 1409-ஆம் ஆண்டிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்து நிறுத்தியது. சீனத்துப் பேரரசனே தமிழில் ஒரு பத்தி பொறிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் துறைமுகத்தில் அந்த மொழி நடமாடியது.

இதில் ஒன்றுகூட அந்தப் பயணத் திட்டத்தில் இல்லை. புக்கெட்டில் கடற்கரை, மசாஜ். காலியில் கோட்டை, ரத்தினக்கல் கடை. கொழும்பில் ஷாப்பிங். பெரிய கப்பல் நுழைய முடியாத இடத்துக்கெல்லாம் சின்னக் கப்பல் போகும் என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். கிட்டத்தில் போயும் பார்க்காமல் வருவதற்கா ஆறு லட்சம்?

கடைசியில் கொச்சியில் இறங்கி, கார் பிடித்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீட்டுக்கு வருவார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பெருவழி அது. மேலைக் கடற்கரையில் முசிறி. கொச்சிக்கு வடக்கே பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வைப் பார்த்து, அதுதான் முசிறி என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து கணவாய் தாண்டினால் நம் கொங்கு. நொய்யல் கரையில் கொடுமணல், அதற்கப்பால் கரூர். கொடுமணலில் இரும்பு உருக்கினார்கள், கல்மணி கோத்தார்கள். படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். அதற்கு விலையாக ரோமாபுரிக் காசு வந்தது. வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. இன்று வெள்ளலூர் என்றால் நமக்கு நினைவு வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு. கடலே இல்லாத ஊர்க்காரர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். கடல் வணிகத்தில் சம்பாதித்த ஊர் இது.

இது பழம்பெருமை என்று சிலர் ஒதுக்கலாம். சரி, நூறு வருடக் கதைக்கு வருவோம்.

1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1908-இல் அவரைச் சிறையில் போட்டார்கள். நம் கோவைச் சிறையில்தான் செக்கிழுத்தார். நஞ்சப்பா சாலையில் அந்த மதிலைத் தாண்டித்தான் தினமும் போகிறோம். அவர் பெயரில் பூங்கா வைத்திருக்கிறோம், மைதானம் வைத்திருக்கிறோம். அவர் கேட்டது பூங்கா இல்லை, கப்பல்.

அவரை ஒழித்த அதே வெள்ளைக்காரக் கம்பெனி 1926-இல் ரஜூலா என்ற கப்பலை விட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். மேல்தளத்தில் பாய் விரித்து ஆயிரக்கணக்கில் கூலிகள் போனார்கள். என் தாத்தாவின் தம்பி அதில் போனவர். காங்கேயம் பக்கம் மழை பொய்த்த வருடம். அப்போதெல்லாம் கப்பலில் வந்த கூலிகளை நேரே பினாங்கு ஊருக்குள் விடமாட்டார்கள். பக்கத்திலுள்ள ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே தோட்டத்துக்கு அனுப்புவார்கள். அவரிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்த பிறகு நின்றுவிட்டது. சயாம் ரயில் பாதை போட அங்கிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காட்டிலேயே செத்தார்கள். எங்கள் பாட்டி சாகும்வரை ஆடி அமாவாசைக்கு அவருக்கும் ஓர் இலை போடுவார். கூடவே "ஒருவேளை உசுரோட இருந்தா பாவமாச்சே" என்று அழுவார்.

அந்தப் பினாங்கில்தான் நம் நண்பர்களுக்கு எட்டு மணி நேரம் நிறுத்தம் கொடுக்கிறார்கள். போன தடவை பெரிய கப்பலில் நான்கு நாள் போய் வந்த நண்பரிடம், பினாங்கில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "வெயில் ஜாஸ்திங்க, இறங்கலை. மத்தியானம் பஃபே நல்லா இருந்தது, தயிர்சாதம்கூட வெச்சிருந்தான்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் கேளுங்கள். ரஜூலாவுக்குப் பிறகு அரசாங்கக் கப்பல் நிறுவனம் எம்.வி. சிதம்பரம் என்ற கப்பலை ஓட்டியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு சேவையே முடிந்தது. ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் இலங்கைப் போரில் நின்றது. விபத்து நடந்தால் பாதுகாப்பைச் சரிசெய்து மறுபடி ஓட்ட வேண்டும். ரயில் கவிழ்ந்தால் தண்டவாளத்தையா பிடுங்கி எறிகிறோம்? கப்பலுக்கு மட்டும் அதைத்தான் செய்தோம்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் கிளம்பியது. மத்திய அமைச்சரே வந்து கொடியசைத்தார். அதே வருடம் அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலம் வந்தால் நிறுத்தம். யாழ்ப்பாணத்தில் அக்காவைப் பார்க்கப் போகிறவன் நம்பி ஏறும் கப்பல் இப்படித் தள்ளாடுகிறது. குளிக்கும் தொட்டியும் ஆட்டமும் பாட்டமும் உள்ள கப்பலுக்குக் கொடி அசைகிறது. திருப்பூர் பனியன் தூத்துக்குடியில் கப்பலேறி உலகமெல்லாம் போகிறது. அதைத் தைத்தவன் கப்பலேறி எங்கேயும் போக முடியாது.

"நாங்க போகலைன்னா ஏழைக்குக் கப்பல் வந்துடுமா?" என்று கேட்பீர்கள். வராது. ஆனால் இந்த ஊரில் தொழிலதிபர் சங்கத்தில் பேசுகிறவர்களும், எம்.பி.யைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களும் நீங்கள்தான். விமான நிலைய விரிவாக்கத்துக்கு எத்தனை மனு கொடுத்தீர்கள்! பினாங்குக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சாதாரணக் கட்டணத்தில் கப்பல் வேண்டும் என்று ஒரு மனு கொடுத்ததுண்டா? தனக்குத் தேவையில்லாததை யாரும் கேட்பதில்லை. ஆறு லட்சத்துக்குக் கடல் கிடைப்பவருக்கு ஆயிரம் ரூபாய்க் கப்பல் எதற்கு?

சரி, பணம் கட்டியாகிவிட்டது, போகத்தான் போகிறீர்கள். போய் வாருங்கள். இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள். கொழும்பில் ஷாப்பிங்கை விட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போய் அந்த மும்மொழிக் கல்லைப் பாருங்கள். பினாங்கில் வெயிலானாலும் இறங்குங்கள். ஜெரஜாக் தீவு எந்தப் பக்கம் என்று ஒரு தமிழ் டாக்சிக்காரரிடம் கேளுங்கள், காட்டுவார். கரையில் நின்று ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டு வாருங்கள். என் பாட்டிக்காக இது.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரேஸ் கோர்ஸிலிருந்து கொடுமணலுக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறேன். சென்னிமலைப் பக்கம்தான். பெரிய கட்டடமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். காடு, ஈமக்கற்கள், சாயக்கழிவு பார்த்த நொய்யல். கட்டுச்சோறு எங்கள் வீட்டில் தயார். பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வருகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் கீழே சொல்லிவிடுங்கள், புளிசோறு அளவு தெரிய வேண்டும்.