குப்பை அள்ளிய பட்டாளம்

"ஒரு அஞ்சு வருஷம் மிலிட்டரி கையில நாட்டைக் குடுத்துப் பாருங்க, எல்லாம் தானா சரியாயிடும்." பெங்களூரில் இருப்பவர் எவரும் இதைக் கேட்காமல் ஒரு மாதத்தைக் கடத்த முடியாது. சில்க் போர்டு சந்திப்பில் நகராமல் நிற்கும் ஆட்டோவில் கேட்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் கேட்கலாம். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில், அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், கல்யாணப் பந்தியில் கேட்கலாம். சொல்கிறவர் கெட்டவர் அல்ல. ஒழுங்காக வரி கட்டுகிறவர், லஞ்சம் கொடுக்க மனமில்லாமல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் புரளுகிறவர். அவருடைய கோபத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவர் சொல்லும் மருந்து விஷம் என்பதுதான் என் வாதம்.

இந்த ஊரில் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் செல்வாக்கு இருப்பதற்குக் காரணம் உண்டு. 1809இல் வெள்ளைக்காரன் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது சென்னைப் படையோடு வந்து தங்கிய தமிழர்கள்தான் அல்சூரையும் சிவாஜிநகரையும் நிரப்பினார்கள். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் இருக்கிறது. அந்தப் படைவீரர்களுக்கு 'தம்பி' என்றே செல்லப்பெயர். இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பட்டாளத்தில் சேவை செய்த ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ இல்லாத வீடு குறைவு. ராணுவ வளாகத்தின் மதிலுக்கு உள்ளே மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கும், தரையில் ஒரு காகிதம் கிடக்காது. மதிலுக்கு வெளியே பள்ளமும் சாக்கடையும். "உள்ள பாரு, வெளிய பாரு" என்று கைகாட்டினால் வாதம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

முடியவில்லை. மதிலுக்கு உள்ளே இருப்பவர் ஒவ்வொருவரும் சொன்னதைச் செய்வேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டவர். மறுத்தால் ராணுவ நீதிமன்றம். அந்த வளாகம் நடக்கத் தேவையான பணம் வெளியிலிருந்து வருகிறது. அதை ஒதுக்குவது வெளியே இருக்கும் நாடாளுமன்றம். போருக்காகப் பழக்கப்பட்ட அந்த ஒழுங்கை நகரத்தின்மேல் விரிக்க வேண்டுமானால், கைவண்டிக்காரரும் கர்ப்பிணியும் கல்லூரி மாணவரும் முதலில் சிப்பாய்களாக வேண்டும். அப்படி ஆக மறுப்பவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு ராணுவ ஆட்சி நடந்த நாடுகளில் எல்லாம் ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது.

அதற்குத் தூரத்து நாடுகளுக்குப் போக வேண்டாம். தமிழனுக்கு மிகவும் பழக்கமான பர்மா இருக்கிறது. பட்டாளம் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை அங்கே படிப்படியாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது.

1958 அக்டோபரில் கட்சிச் சண்டையால் திணறிய பிரதமர் ஊ நூ, நாட்டைத் தளபதி நே வின் தலைமையிலான இடைக்கால அரசிடம் ஒப்படைத்தார். அந்த அரசு குறையில்லாமல் வேலை செய்தது என்றே அன்று பலரும் எழுதினார்கள். ரங்கூன் தெருக்களில் மலைபோல் கிடந்த குப்பையை அள்ளினார்கள். குடிசைகளை அகற்றினார்கள். விலைவாசி இறங்கியது. 1960இல் சொன்னபடி தேர்தல் நடத்தி, வென்ற ஊ நூவிடமே ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார் நே வின். நம் அடுக்ககச் சங்கங்கள் கனவு காணும் ஆட்சி இதுதான்: கொஞ்ச காலம், கறார், நேர்மை, பிறகு வெளியேற்றம்.

இரண்டே ஆண்டுகள். 1962 மார்ச் 2 அன்று அதே நே வின் திரும்பி வந்தார். இம்முறை யாரும் அழைக்கவில்லை. யாரிடமும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி ரங்கூன் பல்கலைக்கழகத்தில் எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் விடியலில் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். குப்பை அள்ளிய அதே பட்டாளம்தான். தெருவைச் சுத்தம் செய்தபோது ஊர் கைதட்டியது. அடுத்து எதைச் சுத்தம் செய்வது என்பதை ஊரைக் கேட்காமல் அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

1963இல் வங்கிகளும் 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். அங்கே வட்டித்தொழில் நடத்திய செட்டியார்களின் பெரிய முதலீட்டைப் பற்றி மட்டும் நான் பேசவில்லை. லேவாதேவியால் அவர்கள் சம்பாதித்த கசப்பையும் மறைக்கத் தேவையில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், இட்லிக் கடை வைத்தவள், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லோரும்தான் கிளம்ப வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். ஆயுள் முழுக்கச் சேர்த்ததைக் கொண்டுவர விடவில்லை. சென்னைத் துறைமுகத்தில் வெறுங்கையோடு இறங்கியவர்களின் பிழைப்புக்காகத்தான் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பர்மா காலனி என்று பெயர் இருப்பது அதனால்தான். மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் ஊரில் தமிழர்கள் கோயில் கட்டிக் குடியிருப்பதும் அதனால்தான். ராணுவ ஆட்சி வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு தமிழர் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருவதற்கு இதுவே முதல் காரணம். நம் சனம் அதை அனுபவித்துவிட்டு அகதியாகத் திரும்பி வந்த கதை, இரண்டு தலைமுறைக்குள் மறந்துபோயிருக்கிறது.

தங்கிவிட்ட பர்மியர்களுக்கு என்ன கிடைத்தது? இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு, 1987இல் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகளை மாற்றுத்தொகைகூடத் தராமல் ரத்து செய்து, 45, 90 என்ற மதிப்புகளில் புது நோட்டு அடித்தார்கள். ஒன்பதால் வகுபடும் எண் நே வினுக்கு ராசியாம். இங்கே ஊழல் அமைச்சர் ஒருவர் இப்படிச் செய்ய நினைத்தால் ரிசர்வ் வங்கி இருக்கிறது, எதிர்க்கட்சி இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அவை பல நேரம் சோம்பிக் கிடக்கின்றன, பயந்தும் போகின்றன. ஆனால் பர்மாவில் தளபதியின் ஜோசியத்துக்கும் ஏழையின் மடியிலிருந்த காசுக்கும் இடையே நிற்க ஒருவருமே இல்லை.

அடுத்த ஆண்டு, 1988 ஆகஸ்ட் 8 அன்று, நாடு முழுக்க வேலைநிறுத்தம் தொடங்கியது. மாணவர், துறவி, துறைமுகத் தொழிலாளி, தாதியர் என்று லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். செப்டம்பர் 18இல் பட்டாளம் மீண்டும் நேரடியாக ஆட்சியைக் கைப்பற்றுவதற்குள் ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 தேர்தலில் ஆங் சான் சூ கியின் கட்சி 485 இடங்களில் 392 வென்றது, பட்டாளம் ஆட்சியைத் தரவில்லை. 2020 நவம்பரில் 476இல் 396 வென்றது. 2021 பிப்ரவரி 1 விடியலில் மறுபடியும் கைது, மறுபடியும் பட்டாளம். முதலில் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் அரசு மருத்துவர்கள். இரவு எட்டு மணிக்கு வீடுவீடாகப் பாத்திரங்களைத் தட்டினார்கள். மார்ச் 3 அன்று மண்டலேயில் 19 வயதுப் பெண் ஒருத்தி தலையில் குண்டு பட்டு இறந்தாள். நான்கு மாதங்களுக்கு முன் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு, மை வைத்த விரலுக்கு முத்தமிட்டுப் படம் வெளியிட்டவள். ஓட்டு நாள் விடுமுறையில் நந்தி மலைக்கோ மைசூருக்கோ கிளம்பிவிட்டு, திரும்பி வந்து "இந்த ஜனநாயகமே வேஸ்ட்" என்று சொல்கிறவர்கள் அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

1988க்குப் பிறகு தப்பி வந்த பர்மிய மாணவர்களில் சிலருக்கு டெல்லியில் தன் அரசு வீட்டிலேயே இடம் கொடுத்தவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோதும் அவர்களை அங்கேயே வைத்திருந்தார். இந்திய ராணுவத்துக்குப் பொறுப்பான அமைச்சரின் வீட்டில் ராணுவ ஆட்சியை எதிர்க்கிறவர்களுக்கு அடைக்கலம். மங்களூர்க்காரரான அவருக்கு ஏன் அந்த அக்கறை என்று கேட்டால் பதில் பெங்களூரில் இருக்கிறது.

1976 மே 1ஆம் தேதி, நெருக்கடி நிலையின்போது, தலைமறைவாக இருந்த ஜார்ஜ் எங்கே என்று கேட்பதற்காக அவருடைய தம்பி லாரன்ஸை பெங்களூர் போலீஸ் பிடித்துச் சென்றது. அடித்த அடியில் அவர் நடக்க முடியாதவராகிப் போனார். மறுநாள் ஜார்ஜின் நண்பரான நடிகை ஸ்நேகலதா ரெட்டி கைது. 'சம்ஸ்காரா' கன்னடப் படத்தில் சந்திரியாக நடித்தவர். அன்றைய பெங்களூர் மத்தியச் சிறையில் எட்டு மாதம் அடைத்து வைத்தார்கள். ஆஸ்துமா நோயாளி; உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. ஜார்ஜ் மீதான பரோடா டைனமைட் வழக்கின் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே வரவில்லை. விசாரணையின்றிச் சிறை வைக்கும் மிசா சட்டம் இருந்ததால் குற்றச்சாட்டு எதுவும் தேவைப்படவும் இல்லை. உடல் முற்றிலும் தளர்ந்த பிறகு 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். ஜனவரி 18இல் தேர்தல் அறிவிப்பு வந்தது. 20ஆம் தேதி அவர் இறந்துபோனார். வயது 44.

அந்தச் சிறை இருந்த இடம் இன்று ஃப்ரீடம் பார்க். பெங்களூரில் போராட்டம் நடத்த இப்போது அனுமதிக்கப்பட்ட ஒரே இடமும் அதுதான். ஊர்வலம் போனால் டிராஃபிக் கெடுகிறது என்பதற்காக எல்லாக் கோரிக்கைகளையும் அந்த மதிலுக்குள் தள்ளியபோது நகரம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. எனக்கு அதில் நிம்மதி இல்லை.

நெருக்கடி நிலை ராணுவ ஆட்சியே அல்ல என்பார்கள். சரிதான். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர், போலீஸ், மாவட்ட அதிகாரிகள் மட்டுமே நடத்தியது. கேள்வி கேட்பதைத் தடுத்தவுடன் சீருடை இல்லாதவர்களே இவ்வளவு செய்தார்கள் என்பதுதான் விஷயம். நெருக்கடி நிலையை விசாரித்த ஷா கமிஷன் கணக்கில் மிசாவில் மட்டும் சுமார் 35,000 பேர் சிறையில் இருந்தார்கள். 1976–77இல் 81 லட்சம் பேருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை நடந்தது. அதில் எத்தனை பேரைப் பிடித்து இழுத்துச் சென்றார்கள் என்பது வடநாட்டுக் கிராமங்களுக்குத் தெரியும். சென்னைச் சிறையில் அடிபட்ட தி.மு.க. எம்.பி. சிட்டிபாபு பிழைக்கவில்லை.

"ஆனா அப்ப ரயில் கரெக்ட் டைமுக்கு வந்துச்சே" என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ரயில் தாமதமாக வந்தது என்று எழுத அன்று எந்தப் பத்திரிகைக்கு அனுமதி இருந்தது? ஒவ்வொரு பக்கமும் தணிக்கைக்குப் போய் வந்த காலம் அது. கெட்ட செய்தி அச்சாகாத இரண்டு ஆண்டுகளை, கெட்டது நடக்காத இரண்டு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறோம். இதில் தெற்கத்தியர்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. 1977இல் வடக்கு இந்திரா காந்தியைத் தூக்கி எறிந்தபோது கர்நாடகத்தின் 28 இடங்களில் 26ஐக் காங்கிரஸுக்குக் கொடுத்தோம். தமிழ்நாட்டிலும் காங்கிரஸ் இருந்த கூட்டணியே வென்றது. அடுத்த ஆண்டு சிக்மகளூரிலிருந்து அவரை நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியதும் இதே மாநிலம்தான். கட்டாயக் கருத்தடையின் கொடுமை இங்கே குறைவாக இருந்தது, ஆகவே நமக்கு அது நல்ல ஆட்சியாகத் தெரிந்தது. அடுத்தவன் முதுகில் விழுந்த அடி நமக்கு ஒழுங்காகத் தெரிகிறது. இந்த நம்பிக்கை உயிர்வாழ்வதே அதனால்தான்.

தென் கொரியாவைக் காட்டுகிறவர்களும் உண்டு. தளபதி பார்க் சுங் ஹீ காலத்தில் ஆலைகள் பெருகியது உண்மை. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் அந்த நாட்டுப் பட்டாளம் தன் மக்களையே சுட்டதும் உண்மை. 1987 ஜூனில் கொரியர்கள் தெருவில் நின்று நேரடித் தேர்தலை வாங்கினார்கள். அதன் பிறகு ஆலைகள் மூடிப்போகவில்லை. நாடு இன்னும் பல மடங்கு வளர்ந்தது. தளபதிகளால்தான் வளர்ச்சி என்றால் பாகிஸ்தான் ஏன் வளரவில்லை? அங்கே ஒரு பிரதமர்கூட ஐந்தாண்டு பதவிக்காலத்தை முடித்ததில்லை. 1971இல் ராணுவ ஆட்சியின் கீழ்தான் பாதி நாடு பிரிந்து போனது.

பெங்களூருக்கு வருகிறேன். 'அரசியல்வாதி இல்லாமல் அதிகாரி நடத்தினால் நன்றாக இருக்கும்' என்ற ஆசையில் பாதியை இந்த நகரம் ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 198 வார்டுகளுக்கும் உறுப்பினர் இல்லை. அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள்தான் நடத்தினார்கள். மாநகராட்சியையே கலைத்து, ஐந்தாகப் பிரித்தபோதும் அப்படியேதான். அவர்களில் திறமையானவர்கள் இருந்தார்கள். ஆனால் பள்ளம் குறைந்ததா? 2022 செப்டம்பரில் பெள்ளந்தூரும் வெளிவட்டச் சாலையும் மூழ்கி, கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்களே, அன்று வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர் எந்தக் கதவைத் தட்டினார்? கார்ப்பரேட்டர் லஞ்சம் வாங்குகிறவராகவே இருக்கட்டும், அவர் வீடு எங்கே என்று தெருவுக்குத் தெரியும், அடுத்த தேர்தலில் கை கூப்பி வந்து நிற்பார், அன்றைக்கு அவரை நிற்க வைத்துக் கேட்கலாம். மாற்றலாகிப் போகும் அதிகாரியை அப்படிக் கேட்க வழியில்லை. பீரங்கி வைத்திருப்பவரை எப்படிக் கேட்பீர்கள்?

நகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243 யு பிரிவு சொல்கிறது. மாநிலத்தை ஆண்ட இரண்டு கட்சிகளும் வார்டு எல்லை, இட ஒதுக்கீடு, புதுச் சட்டம் என்று காரணம் காட்டி அதை மீறின. மிலிட்டரி வர வேண்டும் என்று சொல்லும் அந்த அடுக்ககச் சங்கங்கள், என் வார்டுத் தேர்தல் எங்கே என்று கேட்டு ஒரே ஒரு நாள் ஃப்ரீடம் பார்க்குக்கு வரட்டும், நானும் வருகிறேன்.