என்வலப்பில மருந்தின்ர பெயரையும் எழுதுங்கோ

எங்களில் ஒருவரின் அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். எண்ணெய் பூசி, ஒத்தடம் பிடித்து, கிளினிக்குக்கு அலைந்து களைத்துப்போனவ. பிறகு யாரோ சொல்லக் கேட்டு ரவுணில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனா. சின்ன வெள்ளை என்வலப்பில் குளிசை குடுத்தார்கள். மூன்றாம் நாள் அம்மம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவினா. "கைராசிக்கார டொக்டர்" என்று ஊரெல்லாம் கதை.

அதே வீட்டில் சித்திக்குத் தைரொயிட் பிரச்சினை. கிளினிக்கில் தந்த தைரொக்சின் குளிசையை நாலு மாதத்தில் நிப்பாட்டிப்போட்டா. "சாகுமட்டும் போடச் சொல்லுறாங்கள், உடம்பு அதுக்கு அடிமையாயிடும்" என்பது அவவின் பயம்.

இப்படி ஒரு அம்மம்மாவும் ஒரு சித்தியும் எங்கட வீடுகளில் தாராளமாக இருக்கினம். பெயர் தெரிந்த குளிசைக்குப் பயப்படுறம். பெயரே தெரியாத குளிசையைக் கும்பிட்டு விழுங்குறம். எங்கட பயம் பிழையான இடத்தில் நிக்குது.

அம்மம்மாவின் கதை அதோடு முடியவில்லை. ஒன்றரை வருசத்தில் முகம் வட்டமாக ஊதி, கையில் தொட்ட இடமெல்லாம் கண்டிப்போனது. "சாப்பாடு பிடிக்குது, உடம்பு வைக்குது" என்று நாங்களும் சந்தோசப்பட்டம். ஒருநாள் டொக்டர் வெளிநாடு போய்விட, டிஸ்பென்சரி பூட்டு. குளிசை நின்றது. அடுத்த கிழமை காய்ச்சல், சத்தி, எழும்ப ஏலாத களைப்பு. பிரஷர் இறங்கி மயங்கி விழுந்தவவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினம். "அம்மா என்ன குளிசை எடுக்கிறவ தம்பி?" என்று கேட்டார் அங்கிருந்த டொக்டர். எங்களிட்ட இருந்தது ஒரு வெறும் என்வலப். அதில் எழுதியிருந்தது 1 – 0 – 1, அவ்வளவுதான்.

முகத்தையும் தோலையும் பார்த்தே அவர் ஸ்டீரொயிட் என்று சந்தேகித்தார். ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட்ட பிறகுதான் அம்மம்மா கண் திறந்து கதைத்தா.

என்ன நடந்தது? சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அதிரீனல் சுரப்பி ஒவ்வொரு நாளும் கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கிறது. காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை என்று உடம்பு நெருக்கடிக்குள் போனால் இன்னும் கூடச் சுரக்கும். 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் குளிசை ஒன்று ஏறக்குறைய 20 மில்லிகிராம் கோர்ட்டிசோலுக்குச் சமம். அதாவது உடம்பு ஒரு நாளுக்குச் சுரக்கிற அளவு. காலையும் இரவும் ஒவ்வொன்று போட்டால் மூளை "போதும், நீ சும்மா இரு" என்று சுரப்பிக்குச் சொல்லிவிடும். மாதக்கணக்கில் சும்மா இருந்த சுரப்பி சுருங்கிப்போகும். குளிசையைத் திடீரென்று நிப்பாட்டினால் அது உடனே எழும்பாது. அதனால்தான் மூன்று கிழமைக்கு மேல் எடுத்த ஸ்டீரொயிட்டை டொக்டரின் சொல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேணும். இதை வாசிச்சிட்டு யாரும் பயத்தில் நாளைக்கே நிப்பாட்டிவிடாதீங்கோ. அதுதான் பெரிய ஆபத்து.

தைரொக்சின் கதை வேறு. சித்தியின் தைரொயிட் சுரப்பி ஏற்கெனவே போதியளவு சுரக்கவில்லை. அந்தக் குறையைத்தான் குளிசை நிரப்புகிறது. இதில் அடிமைத்தனம் எங்கே? இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். ஆகவே நிப்பாட்டின அன்றைக்கு ஒன்றும் தெரியாது. "பார், ஒண்டும் நடக்கேல்ல" என்று தோன்றும். பிறகுதான் களைப்பு, குளிர், மலச்சிக்கல், முகவீக்கம் எல்லாம் மெல்ல மெல்ல வரும். வெறும் வயிற்றில், பால்தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலமாவது முதல், கல்சியம் இரும்புக் குளிசைகளுக்கு நாலு மணித்தியாலம் தள்ளி எடுத்தால் அது தன் வேலையைச் செய்யும்.

இரண்டு மருந்துக்கும் பின்னால் ஒரே மனிதர் இருக்கிறார். அமெரிக்க இரசாயனவியலாளர் எட்வர்ட் கெண்டல் 1914இல் தைரொக்சினைப் பிரித்தெடுத்தார். கோர்ட்டிசோனைப் பிரித்தெடுத்தவர்களிலும் அவர் ஒருவர். 1948இல் பிலிப் ஹெஞ்ச் அதை மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கொடுத்தபோது, நடக்க ஏலாமல் கிடந்தவர் சில நாளில் நடந்தார். 1950இல் இருவருக்கும், ரைக்ஸ்டைனுக்கும் சேர்த்து நோபல் பரிசு. நீண்டநாள் கொடுத்தால் வரும் பக்கவிளைவுகளும் கெதியிலேயே தெரியவந்தன. எங்கட ஊர்க் "கைராசி"யின் இரகசியம் இவ்வளவுதான்.

ஸ்டீரொயிட் கெட்ட மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. ஆஸ்மா முற்றினவரை அது காப்பாற்றுது. அம்மம்மாவைக் காப்பாற்றினதும் அதே இனத்து மருந்துதான். எங்கட கோபம் பெயரில்லாத என்வலப்பில்தான். வெள்ளையாக்கும் என்று கைமாறும் லேபல் இல்லாத கிறீம் டப்பாக்களிலும் அதே கோபம்தான். அவற்றுக்குள்ளும் ஸ்டீரொயிட் இருக்கலாம்.

"பெயர் எழுதினா சனம் பயந்து மருந்தை விட்டிடும், இல்லாட்டி தானே பாமசியில வாங்கிப் போடும்" என்று சில டொக்டர்மார் சொல்லுவினம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் பெயர் தெரியாததால்தானே அம்மம்மா நிப்பாட்டக்கூடாத மருந்தை நிப்பாட்டினா? சனத்துக்கு விளங்காது என்று முடிவெடுப்பதை விட, ரெண்டு நிமிசம் எடுத்து விளங்கப்படுத்தலாம்.

பேராசிரியர் சேனக பிபிலே வாழ்ந்த நாடு இது. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். கம்பனி வைக்கிற பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் வாங்கவும் எழுதவும் வேணும் என்று நின்றவர். அரை நூற்றாண்டு கழித்தும் எங்கட என்வலப்பில் எந்தப் பெயரும் இல்லை.

சட்டம் தன்பாட்டில் வரட்டும். நாங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கு. வீட்டில் வயசானவர்களோடு மருந்தெடுக்கப் போகும்போது, "டொக்டர், இந்தக் குளிசையின்ர பெயரை இதில எழுதித் தாங்கோ" என்று மரியாதையாகக் கேளுங்கோ. எத்தனை நாளைக்கு, எப்படி நிப்பாட்டுறது என்றும் கேளுங்கோ. அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ.

சித்தி இப்போ திரும்பவும் குளிசை போடுறா. அம்மம்மாவின் கைப்பைக்குள் பெயர் எழுதின துண்டு ஒன்று இருக்கு. எழுத்து பெரிசாக இருக்க வேணும் என்று அவவே கேட்டு வாங்கினது.